குழியில் இறங்காத தகுதி

சென்ற ஆண்டு ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்த வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்துக்கு அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். வருங்காலத்தில் மதிப்பு பெறப்போகும் தொழில் என்று பணிச்சூழலியலைப் பற்றி ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். வேலைக்காக உடம்பை வளைக்காமல், உடம்புக்கு ஏற்ப வேலையை அமைக்கும் அறிவு அது என்று அழகாக விளக்கினார். அந்தத் துறைக்குள் நுழைய என்ன வழி என்று கேட்டபோது அவர் சொன்னது ஒரே வழிதான்: அங்கீகாரம் பெற்ற அமைப்பின் சான்றிதழ். "சான்றிதழ் இல்லாதவங்க கையில தொழிலாளியோட உடம்பை ஒப்படைக்கலாமா?" என்று கேட்டார். அரங்கமே கை தட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். வீட்டில் குழித்தறி இருக்கிறது, அப்பாவுக்கு இடுப்பு வலி, அந்தத் தறியை மாற்றி அமைக்க நானே முயற்சி செய்யலாமா என்று கேட்டான். முதலில் படி, தேர்வு எழுது, தகுதி வந்த பிறகு தறியைத் தொடு என்று பதில் வந்தது. அதற்கும் கைதட்டல்.

அந்தக் கைதட்டலை மறுத்துத்தான் இதை எழுதுகிறேன். பேசியவர் நல்ல மனிதர், படித்தவர். அவர் ஒருவருடைய கருத்தாக இருந்திருந்தால் பேசாமல் வந்திருப்பேன். ஆனால் கருத்தரங்குகளிலும் திட்ட அறிக்கைகளிலும் வேலை விளம்பரங்களிலும் இதே எண்ணம்தான் ஊறிக் கிடக்கிறது. உடம்பைப் பற்றிய அறிவு படித்தவரிடம் இருக்கிறதாம், சான்றிதழ் அதற்குச் சாட்சியாம், உழைக்கிறவரிடம் இருப்பது வலி மட்டுமாம். இது தவறு என்பதற்குப் பெரிய காஞ்சிபுரத்தின் தறிக்குழிகளே போதும்.

நான் அந்தப் பெரிய காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துக்காரன். என் அப்பா நாற்பத்தோரு வருடம் ஒரே குழியில் கால் வைத்து நெய்தவர். குழித்தறியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுத் தரையில் குழி வெட்டியிருக்கும். நெய்கிறவர் அதன் விளிம்பில் போட்ட பலகையில், தரை மட்டத்திலேயே உட்கார்ந்து இரண்டு கால்களையும் உள்ளே விடுவார். மிதிகள் குழிக்குள். கால் மிதிக்க விழுது ஏறி இறங்கும், நீள இழைகளான பாவு பிரியும், பிரிந்த வழியில் நாடா ஓடும், கை அச்சை இழுத்துக் குறுக்கிழையான ஊடையை அடிக்கும். நெய்த துணி வயிற்றுக்கு முன்னால் இருக்கும் படைமரத்தில் சுற்றிக்கொள்ளும். முதுகு சாய எதுவும் கிடையாது. ஒரு பட்டுச் சேலைக்குப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். வேலைப்பாடு கூடினால் நாளும் கூடும்.

அப்பாவின் குழியை வெட்டுமுன் தறி போட வந்த ஆசாரி செய்ததைப் பாட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். அப்பாவை உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்லி, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை சாணும் விரலுமாக அளந்தாராம். பிறகு கையை நீட்டச் சொல்லி, அச்சு வந்து நிற்கும் இடத்துக்குத் தரையில் கரியால் கோடு போட்டாராம். அடுத்த அறையில் சித்தப்பா நெய்தார். அவர் குழி நாலு விரல் ஆழம் குறைவு. சின்ன வயதில் இரண்டு குழியிலும் இறங்கி விளையாடியவன் நான். அந்த நாலு விரல் வித்தியாசம் இன்னும் என் காலுக்கு நினைவிருக்கிறது.

அதன்மேல் அப்பா தானாகச் செய்துகொண்டவை தனி. உட்காரும் பலகையின் பின்பக்கத்தில் ஆப்பு வைத்து முன்பக்கம் சற்றே சரியும்படி செய்தார். இடுப்பு மடங்காமல் நிமிர்ந்தது. படைமரம் வயிற்றில் அழுத்தும் இடத்தில் பழைய வேட்டியை நாலு மடிப்பாகச் சுற்றினார். அம்மா தறியில் உட்காரும் நாட்களில் கால் எட்டாது. அதற்காக மிதியின்மேல் ஒரு கட்டையைக் கயிறு போட்டுக் கட்டுவார், தான் உட்காரும்போது அவிழ்ப்பார். ஜரிகை கண்ணைக் கூசவைக்கிறது என்று பல்பைத் தோளுக்குப் பின்னாலிருந்து இடப்பக்கச் சுவருக்கு மாற்றினார். இதற்கெல்லாம் அவர் ஒரு பெயரும் வைக்கவில்லை. முன்பக்கம் சரிந்த இருக்கை முதுகுக்கு நல்லது என்று டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஏ. சி. மண்டால் 1970களிலும் 80களிலும் எழுதியும் பேசியும் வந்தார். நாற்காலி செய்கிறவர்கள் அவரை மேற்கோள் காட்டுகிறார்கள். அப்பா ஆப்பு வைத்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். மண்டாலை அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தன் இடுப்பு.

சான்றிதழ் எளிதில் கிடைப்பதில்லை என்பதை மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் 1990இல் தொடங்கிய பணிச்சூழலியல் சான்றளிப்பு வாரியம் முதுகலை அளவுக்குப் படிப்பு, மூன்று ஆண்டு முழுநேர அனுபவம், செய்த வேலைக்குச் சான்று எல்லாம் கேட்டு, அதற்குமேல் தேர்வும் வைத்துத்தான் தன் பட்டத்தைக் கொடுக்கிறது. ஐரோப்பாவில் 1992 முதல் தனிப் பதிவு மையம் இருக்கிறது. பிரிட்டனில் 1949இல் மரெலும் அவர் கூட்டாளிகளும் தொடங்கிய சங்கம் 2014இல் அரச சாசனம் பெற்றது. நம் நாட்டிலும் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை, குவாஹாட்டி ஐ.ஐ.டி.கள், கல்கத்தா பல்கலைக்கழகம் என்று இந்த அறிவை வளர்த்த இடங்கள் உண்டு. இந்திய உடம்புகளை அளந்து 1997இல் தேப்குமார் சக்ரவர்த்தி வெளியிட்ட நூலின்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அது போன்ற உழைப்பு இல்லாவிட்டால் வேறு நாட்டு அளவுகளில் செய்த நாற்காலியில்தான் நம் பிள்ளைகள் கால் தொங்க உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் அந்த மேடையில் இரண்டு விஷயம் விட்டுப்போனது. அமெரிக்காவிலேயே அது விரும்புகிறவர் பெறும் சான்றிதழ்தான். மருத்துவருக்கோ வழக்கறிஞருக்கோ சட்டம் கட்டாயமாக்கிய உரிமத்தோடு அதைச் சேர்க்க முடியாது. அடுத்தது, அந்த மூன்றாண்டு அனுபவம் எப்படிப்பட்டது என்ற கேள்வி. ஆலோசனை நிறுவனத்தில், ஆய்வகத்தில், பெரிய ஆலையின் பாதுகாப்புத் துறையில் இருந்தவருக்கு அது கணக்கில் ஏறும். முப்பது வருடம் தறியில் உட்கார்ந்து, தன் தறியையும் தெருவில் பத்துத் தறியையும் திருத்திக் கொடுத்தவருடைய அனுபவத்தை எழுத அந்த விண்ணப்பத்தில் இடம் கிடையாது. அவர் விண்ணப்பிக்கப்போவதும் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்ததை அறிவு என்று எண்ணாத ஒரு முறை, தெரியாமலேயே ஒரு தலைமுறையின் அறிவைக் கழித்துவிடுகிறது.

மருத்துவரை உதாரணம் காட்டுவார்கள். பட்டம் இல்லாதவரிடம் அறுவை செய்துகொள்வீர்களா என்பார்கள். மாட்டேன். அறுவை மேசையில் நோயாளி மயக்கத்தில் இருப்பார். கத்தி தவறினால் அவரால் சொல்ல முடியாது. தறியில் உட்கார்ந்தவர் விழித்திருக்கிறார். பலகை அரை அங்குலம் பிசகினால் சாயங்காலத்துக்குள் அவருக்குத் தெரியும். தவறு உடனே தெரிந்துவிடும் இடத்துக்கும் தெரியாமலே போகும் இடத்துக்கும் ஒரே விதியை வைப்பது சரியாகாது.

மருத்துவத்தை இழுத்ததால் ஒரு மருத்துவரையே சொல்கிறேன். தொழில் நோய்களைப் பற்றிய முதல் பெரிய நூலை 1700இல் வெளியிட்டவர் இத்தாலியின் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. மொதேனாவில் பேராசிரியர், அந்தக் காலத்தின் உயர்ந்த தகுதியெல்லாம் பெற்றவர். அவருக்கு அந்த நூலை எழுதத் தோன்றிய கதையை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்தவர் மூச்சுவிடாமல் அவசர அவசரமாக வேலை செய்துகொண்டிருந்தார். ஏன் இவ்வளவு அவசரம் என்று ராமஸ்ஸினி கேட்டார். இந்தக் குழியில் சில மணி நேரத்துக்குமேல் இருந்தால் கண் போய்விடும், செய்து பார்க்காதவருக்கு இது தெரியாது என்று பதில் வந்தது. பேராசிரியர் அந்த மனிதருடைய கண்ணைப் பார்த்தார், ஊரில் அதே வேலை செய்த மற்றவர்களின் கண்களையும் போய்ப் பார்த்தார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளோடு உன் தொழில் என்ன என்ற கேள்வியைச் சேர்த்தவர் அவர்தான். 1713இல் வந்த விரிவான பதிப்பில் நெசவாளரைப் பற்றியும் எழுதினார். இந்தத் துறை பிறந்த இடம் ஒரு குழி. குழிக்குள் நின்றவர் சொன்னதைத்தான் மேலே நின்ற பேராசிரியர் எழுதிக்கொண்டார். அந்த வரிசையைத் தலைகீழாக்கி, மேலே நிற்பவர் சொல்ல உள்ளே இருப்பவர் கேட்டால் போதும் என்று இன்று ஆக்கிவிட்டோம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா நெய்துகொண்டிருந்த கடைசி வருடங்களில் ஒரு ஆய்வுக்குழு எங்கள் தெருவுக்கு வந்தது. மரியாதையான பிள்ளைகள், செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது 'ருலா' என்னும் மதிப்பீட்டுத் தாள். 1993இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்அடம்னி, கோர்லெட் இருவரும் வெளியிட்ட முறை அது. தோள், முழங்கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகு என்று ஒவ்வொன்றின் கோணத்தையும் பார்த்து எண் போட்டுக் கூட்டினால் ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு மதிப்பெண் வரும். ஏழு வந்தால் உடனே ஆராய்ந்து மாற்ற வேண்டும் என்று பொருள். அப்பாவைப் பக்கவாட்டில் படம் எடுத்துக் கோணம் அளந்தார்கள். ஏழு வந்தது.

அந்தத் தாளில் கால்களுக்கு இரண்டே எண்தான். பாதம் நன்றாக ஊன்றிச் சமநிலையில் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இரண்டு. கை, தோள், கழுத்து வேலைகளை நினைத்து, உட்கார்ந்த இடத்தில் கணினியிலும் தையலிலும் வேலை செய்கிறவர்களை மனதில் கொண்டு செய்த முறை அது. செய்தவர்கள்மேல் குற்றம் இல்லை, அதன் எல்லையை அவர்கள் ஒளிக்கவில்லை. ஆனால் குழித்தறியில் பாதி நெசவு காலில் நடக்கிறது. வேலைப்பாட்டுக்காகப் பாவு இழைகளைப் பிரிக்கும் ஜக்கார்டைத் தூக்கும் மிதியின் பாரம் முழுவதும் அப்பாவின் வலது கெண்டைக்காலில் விழும். ராத்திரி தூக்கத்தில் கால் இழுத்துப் பிடித்து எழுந்து உட்காருவார். அம்மா நல்லெண்ணெய் தேய்த்து விடுவார். அவர்கள் எடுத்த படத்தை எனக்குக் காட்டினார்கள். அதில் அப்பா இடுப்புவரைதான் இருந்தார். கால்கள் தரைக்குக் கீழே. ஒருவரும் குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை, ராத்திரி எங்கே வலிக்கிறது என்று கேட்கவும் இல்லை. மிதியின் பாரத்தைக் குறைத்திருந்தால் அப்பா இன்னும் ஐந்து வருடம் நெய்திருப்பார் என்று நம்புகிறேன். ஜக்கார்டை மோட்டாரால் தூக்கும் ஏற்பாடு இப்போது சில வீடுகளுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அது வரவில்லை, தேவை என்று எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

இதற்கு வலுவான பதில் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை. உழைக்கிறவர் வலிக்குப் பழகிவிடுகிறார், தன் தவறு தனக்கே தெரியாது, வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. அப்பாவே ஒருமுறை தவறு செய்தார். முதுகு வலி குறையும் என்று பலகைமேல் பலகை போட்டு உயரத்தைக் கூட்டினார். உட்காரும் இடம் உயர்ந்ததும் பாவு கீழே போனது போலாகி, முன்னைவிடக் குனிய வேண்டி வந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. "மூணாம் நாளே கழுத்து பேச ஆரம்பிச்சிடுச்சி" என்று சொல்லி மேல் பலகையை எடுத்துவிட்டார். நெய்யும் உயரமும் உட்காரும் உயரமும் ஒன்றையொன்று இழுக்கும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மூன்று நாள் வலியும் மிச்சம்.

ஆனால் மற்றொரு வீட்டைப் பாருங்கள். ஒரு திட்டத்தின் கீழ் அந்த வீட்டுக்குச் சாய்மானம் வைத்த இருக்கை வந்தது. வடிவமைத்தவர் தகுதி பெற்றவர் என்று சொன்னார்கள். அச்சை இழுத்து அடிக்கையில் முதுகு முன்னால்தான் வரும், சாய்மானத்தைத் தொடவே தொடாது. ஊடை மாற்றத் திரும்பினால் முழங்கை அதில் இடிக்கும். அந்த இருக்கை இப்போது சமையலறையில் தண்ணீர்க்குடம் வைக்கும் பலகை. மூன்று வருடமாகியும் கொடுத்தவர்கள் திரும்பி வந்து பார்க்கவில்லை. அப்பா தன் தவறைத் திருத்த மூன்று நாள் ஆனது. தகுதி பெற்றவரின் தவறு இன்னும் திருத்தப்படவில்லை. தவறு எல்லோருக்கும் வரும். அதைத் திருத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கு இருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். சான்றிதழ் தரும் தேர்வில் அதற்குக் கேள்வி கிடையாது.

வெளிக்கண் தேவைப்படும் இடத்தையும் நானே காட்டுகிறேன். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும், நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் பள்ளிக்குப் போனது இந்த ஊருக்குக் கிடைத்த பெரிய விடுதலை. அந்த இடத்துக்கு வந்தவர்கள் மனைவிமார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் சிறுவன் உடம்புக்கு இருந்த இடுக்கில் இன்று நாற்பது வயதுப் பெண் ஒருக்களித்து உட்கார்ந்து கை நீட்டுகிறார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். அடுப்பு வேலையும் குழந்தை வேலையும் முடித்து வந்து உட்காரும் அவருக்கு எந்த வலி எந்த வேலையால் வந்தது என்று பிரிக்க நேரமில்லை. நெசவு வேலையில் ஆண்களைவிடப் பெண்களுக்கு உடல்வலி அதிகம் என்று அகமதாபாத் தேசியத் தொழில்நல நிறுவன ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். அந்த ஆய்வு இல்லாமல் நாங்கள் அதைப் பேசியிருக்கவே மாட்டோம். ஆய்வை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் இடுக்கை அகலப்படுத்த முதலில் தேவைப்படுகிறவர் இடுக்கில் உட்கார்ந்து பார்க்கச் சம்மதிக்கும் ஒருவர்தான்.

உள்ளே இருப்பவரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம், தெலங்கானாவின் ஆலேர் பகுதியில் சிந்தகிந்தி மல்லேஷம் என்றொரு நெசவாளர். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். போச்சம்பள்ளிச் சேலைக்குச் சாயம் ஏற்றுமுன் நூலை முளைகளில் மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும், 'ஆசு' என்பார்கள். ஒரு சேலைக்கே கை சுமார் 9,000 முறை போய் வர வேண்டும். அவர் அம்மா லட்சுமிக்குத் தோள் போய்விட்டது. அம்மாவால் இனி முடியாது என்ற நிலையில் மல்லேஷம் ஒரு இயந்திரம் செய்யத் தொடங்கினார். பல வருடம் கடன் பட்டு, ஊராரின் பேச்சைத் தாங்கி, 1999இல் முடித்தார். அம்மா பெயரில் அது லட்சுமி ஆசு இயந்திரம். 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தோளில் திரும்பத் திரும்ப ஏற்படும் அசைவைக் குறைப்பது பணிச்சூழலியலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை ஒரு நெசவுத் தொழிலுக்கே மொத்தமாகச் செய்து முடித்தவர் எந்தத் தேர்வும் எழுதவில்லை. அன்று அவரிடம் யாராவது "தகுதி வந்த பிறகு தொடு" என்று சொல்லி அவரும் கேட்டிருந்தால் எத்தனை அம்மாக்களின் தோள் போயிருக்கும்?

சான்றிதழ் பிள்ளைகளுக்கு நல்ல வேலை தருமே, அதையும் ஏன் கெடுக்கிறாய் என்று அண்ணனே என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் போகும் ஊர் இது. அங்கே பெரிய ஆலைகள் இருக்கின்றன, பணிச்சூழலியல் படித்தவருக்கு இடம் இருக்கும், சம்பளமும் இருக்கும். போகிறவரைத் தடுக்க மாட்டேன். பன்னாட்டு நிறுவனம் சான்றிதழ் கேட்டால் பெற்றுக்கொண்டு போகட்டும். ஆனால் அந்தத் தொழில் எந்த உடம்பைக் காக்கிறது என்று தெரிந்து போகட்டும். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது ஆயிரம் தொழிலாளர் வேலை செய்யும் ஆலைக்கு. அந்தச் சட்டத்தில் மின்விசை இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. தெரிவிக்கப்பட வேண்டிய நோய்கள் என்று அந்தச் சட்டம் தந்த பட்டியலில் ஈயமும் பாதரசமும் இருந்தன, வருடக்கணக்காகக் குனிந்து வரும் முதுகுவலி இருக்கவில்லை. கணவனும் மனைவியும் நெய்யும் வீட்டுக்குள் அந்தச் சட்டம் எட்டிப் பார்த்ததில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறியில் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கு மேல், அவர்களில் பெரும்பான்மை பெண்கள். அவர்களுக்குச் சான்றிதழ் பெற்ற ஒருவரை நியமிக்க முதலாளியும் இல்லை, சட்டமும் இல்லை, பணமும் இல்லை. இந்த நிலையில் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே தறியைத் தொடலாம் என்றால் யாரும் தொட வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

கூலியும் இதில் இருக்கிறது. எங்களுக்குக் கூலி சேலைக்கு, நேரத்துக்கு இல்லை. முதுகு வலித்தால் எழுந்து நடக்க வேண்டும் என்பது நெசவாளருக்குத் தெரியாதது அல்ல. நடந்த நேரத்துக்கு யார் கொடுப்பார்கள்? முகூர்த்த மாதத்தில் சேலை தவறினால் அடுத்த பாவு தள்ளிப்போகும். பன்னாட்டுப் பணிச்சூழலியல் சங்கமே 2000இல் தந்த விளக்கத்தில் உடம்போடு மனமும் வேலை அமைப்பும் இந்தத் துறைக்குள் வரும் என்றது. அப்படியென்றால் கூலி முறையும் இதற்குள் வருகிறது. முழங்கைக் கோணத்தை அளக்கத் தெரிந்த நிபுணர் கூலிச்சீட்டைப் படிக்கக் கேட்டதை நான் ஒருமுறையும் பார்க்கவில்லை.

முன்பே தெரிந்த தொழிலுக்கு அங்கீகாரம் என்று அரசின் திறன் திட்டத்தில் நெசவாளருக்கே சான்றிதழ் கொடுக்கிறார்களே என்பார் சிலர். நெய்யத் தெரியும் என்பதற்கு அது சான்று, வீட்டில் ஃபிரேம் போட்டு மாட்டலாம். தறியைத் தன் உடம்புக்கு ஏற்ப மாற்றிய அறிவை அது கேட்கவில்லை, அதனால் இந்த வாதத்துக்கு அது விடையாகாது.

இந்தத் துறைக்குள்ளேயே வேறு வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு நம்பிக்கை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் பன்னாட்டுப் பணிச்சூழலியல் சங்கமும் சேர்ந்து 1996இல் ஒரு கையேடு போட்டன. 2010இல் வந்த இரண்டாம் பதிப்பில் 132 குறிப்புகள். ஒவ்வொன்றும் ஒரு படம், ஏன் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற அளவில் எழுதப்பட்டது. கைக்கு எட்டும் இடத்தில் பொருளை வை, முழங்கை உயரத்துக்கு வேலையைக் கொண்டு வா என்பது போன்றவை. அதைப் பயன்படுத்தச் சான்றிதழ் தேவையில்லை. ஜப்பானின் கசுதகா கோகியும் அவருடன் இருந்தவர்களும் வியட்நாமின் கான்தோ பகுதி விவசாயிகளோடு 1990களில் செய்தது இன்னும் எளிது. பக்கத்து வயலில் ஒரு விவசாயி ஏற்கெனவே செய்துகொண்ட நல்ல மாற்றத்தைப் படம் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டினார்கள், எது உங்களுக்கு ஒத்துவரும் என்று கேட்டார்கள். நிபுணர்கள் அங்கே இருந்தார்கள். தீர்ப்பு சொல்லும் இடத்தில் மட்டும் அவர்கள் உட்காரவில்லை. அந்தத் துறையின் தலைமைச் சங்கமே பொதுமக்கள் கையில் கொடுத்த அறிவை, நம் ஊர் மேடைகள் பூட்டி வைப்பது ஏன்?

பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஒரு படத்தொகுப்பு செய்ய முடியும். ஆப்பு வைத்த பலகை, வேட்டி சுற்றிய படைமரம், கட்டை கட்டிய மிதி எல்லாம் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது, சேலத்தில் 1960இலிருந்து இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. பணிச்சூழலியல் கற்றுத்தரும் நிறுவனங்களுக்கு என் கோரிக்கை இரண்டு. தறியில் உட்கார்ந்த வருடங்களை அனுபவம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு தறியை மாற்றியமைத்துக் கொடுத்த மாணவர் தேறினாரா என்பதை ஆறு மாதம் கழித்து அந்தத் தறியில் நெய்கிறவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இந்த இரண்டும் இருக்கும் சான்றிதழ் வந்தால் முதல் ஆளாக நானே அண்ணன் மகளைச் சேர்த்துவிடுவேன். அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்ட பையன் இதைப் படித்தால் அவனுக்கு என் பதில்: தம்பி, உன் அப்பாவைக் கேட்டுக்கொண்டே, இன்றைக்கே தொடு. அவர் கழுத்து பேசினால் பழையபடி மாற்றிவிடு.

இதை அவசரமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அப்பா நெய்வதை நிறுத்திய பிறகு நாங்கள் குழியில் மண் கொட்டி மூடி டைல்ஸ் பதித்துவிட்டோம். போன மாதம் அண்ணன் மகள் கல்லூரி வேலைக்காக அந்தக் குழியின் ஆழம் எவ்வளவு என்று கேட்டாள். அப்பாவுக்கு இப்போது நினைவு தடுமாறுகிறது. ஆசாரி உயிரோடு இல்லை. சாண் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் தெருவில் இன்னும் பல வீடுகள் குழியை மூடப்போகின்றன. மூடப்போகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: மண் கொட்டுமுன் நெய்தவரை ஒருமுறை அதில் உட்காரவைத்து டேப் பிடியுங்கள். குழியின் ஆழம், பலகையின் சரிவு, பலகையிலிருந்து படைமரம் வரை உள்ள தூரம், நெய்தவரின் உயரம், எங்கே வலித்தது என்று அவர் சொல்வது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பெயரும் தேதியும் போட்டு வையுங்கள்.